வெயில் நாளில் வெளியூர்ப் பயணம்: வீட்டுப் பாம்பைச் சூட்டிலிருந்து காப்பது எப்படி?

2022 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரியைத் தொட்டது. பிரிட்டனில் வெப்பமானி 40-ஐத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. நான் அன்று லீட்ஸில் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். தண்டவாளமும் மின்கம்பியும் இந்தச் சூட்டைத் தாங்காது என்று லண்டன் போகும் பாதையையே மூடிவிட்டார்கள். என் இரண்டு பாம்புகளும் லண்டனின் ஹாரோவில், மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், மேற்குப் பார்த்த அறையில் இருந்தன.

புதன் மதியம் கதவைத் திறந்தபோது அடுப்படி அனல் முகத்தில் அடித்தது. ஓடவிட்டுப் போயிருந்த போர்ட்டபிள் ஏசி நின்றுபோயிருந்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கார்ன் ஸ்னேக் செவ்வந்தி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் உடம்பு முழுவதையும் சுருட்டி, மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்திருந்தாள். ராயல் பைத்தான் கருப்பன் கண்ணாடி ஓரமாக நீட்டிப் படுத்து, வாயைச் சற்றே திறந்து வைத்திருந்தான். பாம்பு வாய் திறந்து மூச்சு விடுவதை நான் பார்த்தது அன்றுதான். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் கருப்பன் மறுபடி எலி எடுக்க ஏழு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் வெளியூர் போகும் முன் நான் செய்யும் ஏற்பாடுகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். குளிர்காலத்துக்காகக் கட்டப்பட்ட, ஏசி இல்லாத பிரிட்டன் வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராயல் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி முறையாக வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

பாம்பு சூட்டை எப்படிச் சமாளிக்கிறது

'கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது போல' என்று ஒரு பழமொழி உண்டு. பிறர் உழைப்பில் வாழ்பவனைத் திட்டச் சொல்வது. ஆனால் பாம்பின் பக்கமிருந்து பார்த்தால், அது உயிர் பிழைக்கப் போகும் இடம் புற்று. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றின் அடியில் வெப்பம் அவ்வளவாக ஏறாது. கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டில் வாழும் ராயல் பைத்தானும் இதைத்தான் செய்கிறது. பகலெல்லாம் எலி வளையிலோ கரையான் புற்றிலோ கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு வெளியே வரும்.

பாம்புக்கு வியர்க்காது. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ, உடம்பும் கொஞ்ச நேரத்தில் அவ்வளவு சூடாகிவிடும். அதற்குத் தெரிந்த வைத்தியம் இடம் மாறுவதுதான். விவேரியத்தில், அதாவது பாம்பு வளர்க்கும் பெட்டியில், ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைப்பது இதற்காகத்தான். அறையே 34 டிகிரி ஆகிவிட்டால் குளிர்முனையும் 34 ஆகிவிடும். பாம்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பயனில்லை. நாம் வீட்டில் இருந்தால் பார்த்து ஏதாவது செய்வோம். வெளியூரில் இருக்கும்போது, யாரும் தொடாமலே குளிர்ச்சியாக இருக்கும் ஒரு புற்றை அதற்கு முன்கூட்டியே அமைத்துக் கொடுத்துவிட வேண்டும். அதனால் மின்சாரமும் ஆளும் இல்லாமல் வேலை செய்யும் ஏற்பாடுகளை முதலில் செய்கிறேன். ஏசி, ஃபேன் எல்லாம் அதற்கு மேல்தான்.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரை செரித்து முடித்த, ஆரோக்கியமான பாம்பு சில நாள் குளிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் தென்கிழக்கில் கார்ன் ஸ்னேக் குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. அதே பாம்பு 38 டிகிரிக்கு மேல் அடைபட்டால் அது மணிக்கணக்கில் தாங்காது. எந்தப் பக்கம் தவறினாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். தவறினால் குளிர்ச்சிப் பக்கம் தவறுங்கள்.

படி 1: உங்கள் பாம்பின் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார்ன் ஸ்னேக், மில்க் ஸ்னேக், கிங் ஸ்னேக் வகைகளுக்குக் குளிர்முனை 20 முதல் 24 டிகிரி வரை இருந்தால் சுகம். ராயல் பைத்தானுக்கு 24 முதல் 27. கென்யன் சாண்ட் போவா சூட்டை இன்னும் கொஞ்சம் விரும்பும். ஆனால் அதற்கும் ஒதுங்க 25-ஐ ஒட்டிய ஒரு மூலை வேண்டும்.

நான் வைத்திருக்கும் கோடு இது: குளிர்முனை 28 ஆனால் கவனிக்க வேண்டும், 30 ஆனால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும், 33 ஆனால் பாம்பை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். 35-க்கு மேல் அவசரம். அறையின் சுவரில் மாட்டிய வெப்பமானி சொல்லும் எண் இங்கே உதவாது. பாம்பு படுக்கும் தரையில், குளிர்முனை மறைவிடத்துக்குள் டிஜிட்டல் வெப்பமானியின் ப்ரோப்பை (வெப்பத்தை உணரும் கம்பி முனையை) வைத்து அளக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகளை நம்ப வேண்டாம். என்னிடம் இருந்த ஒன்று நான்கு டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது.

படி 2: ஒரு ஒத்திகை பாருங்கள்

பயணத்துக்கு முன் வெயில் அடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெளியூர் போகும்போது எப்படி விட்டுப் போவீர்களோ அப்படியே ஜன்னல், திரை, சுவிட்ச் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தை நினைவில் வைக்கும் வெப்பமானி இருந்தால் போதும். சாயங்காலம் வந்து எண்ணைப் பாருங்கள். வெளியே 29 இருந்த நாளில் உள்ளே 31 போயிருந்தால், வெளியே 35 ஆகும் நாளில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒத்திகையில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என் அறையில் உச்ச வெப்பம் மதியம் வரவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்தது. பகலெல்லாம் செங்கல் சுவர் வாங்கிய வெயிலை அதன் பிறகுதான் உள்ளே விடுகிறது. மேற்குப் பார்த்த அறைகளில் பெரும்பாலும் இதே கதைதான். மதியம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் ஆளால் அங்கே பயன் இல்லை.

படி 3: இடத்தை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சூடான காற்று மேலே போகும். மாடியை விடத் தரைத்தளம் குளிர்ச்சி. ஒரே அறையில்கூட அடுக்கின் மேல்தட்டில் இருக்கும் விவேரியத்துக்கும் தரையில் இருப்பதற்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். வடக்குப் பார்த்த அறை, ஜன்னல் இல்லாத நடை, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி, கல் பதித்த குளியலறைத் தரை எல்லாம் நல்ல இடங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். கார் ஷெட்டும் கூடாது. பெட்ரோல், பெயிண்ட் வாடை ஒரு பக்கம், தகரக் கதவின் சூடு இன்னொரு பக்கம்.

நான்கடி விவேரியத்தைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்க முடியாது, தேவையும் இல்லை. நாலைந்து நாள் பயணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். பாம்பு சுருண்டு படுத்தால் பெட்டியின் தரையில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் கொக்கி போடும் மூடி வேண்டும். சால்டரிங் இரும்பால் பக்கவாட்டில் வரிசையாகத் துளை போடுங்கள். உள்ளே இருந்து வெளியே தள்ளிப் போட்டால் உருகிய முனை பாம்பின் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்காது. தரையில் சமையலறைக் காகிதம், ஒரு மறைவிடம், கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான்.

மூடியைச் சும்மா அழுத்திவிட்டு விட்டுவிடாதீர்கள். சூட்டில் பாம்புகள் சுறுசுறுப்பாகும். தப்பிய பாம்புகள் பற்றிய அழைப்புகள் கோடையில் கூடுகின்றன என்று பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கொக்கிக்கு மேலே ஒரு பெல்ட்டைச் சுற்றி இறுக்குவது என் வழக்கம்.

எனக்குக் கீழே, தரைத்தளத்தில் ஓர் அக்கா குடியிருக்கிறார். திருநெல்வேலிக்காரர். 2023-இல் அவர் வீட்டு நடையில் இரண்டு பெட்டிகளை வைக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டித் தாங்க தம்பி. மேல ஒரு துணியப் போட்டு மூடிடுங்க. என் கண்ணுல படக் கூடாது. மத்தபடி அதுவும் ஒரு உயிருதானே" என்றார். மூன்றாம் மாடியில் 31 காட்டிய ஒரு நாளில் அந்த நடையில் 25 டிகிரிதான் இருந்தது. ஒரு வாட் மின்சாரம் செலவில்லை.

படி 4: சூடு தரும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அறை சூடானால் ஹீட்டரை அதுவே அணைத்துவிடுமே என்று நினைப்போம். சரிதான், ப்ரோப் அதன் இடத்தில் இருக்கும் வரை. பாம்பு அதை இழுத்துக் குளிர்முனையிலோ தண்ணீர்க் கிண்ணத்திலோ போட்டுவிட்டால், இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணித் தெர்மோஸ்டாட் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். நாம் அருகில் இருந்தால் அன்றைக்கே கவனித்துவிடுவோம். வெளியூரில் இருந்தால்?

கடும் வெயில் எச்சரிக்கை இருக்கும் நாட்களில், நாலு நாள் வரையான பயணத்துக்கு ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), செராமிக் ஹீட்டர் இரண்டையும் சுவரிலிருந்தே கழற்றிவிடுகிறேன். அதற்கும் நீளமான பயணம் என்றால் நடுவில் வானிலை மாறலாம். இடி மழை பெய்து ஒரே இரவில் 16 டிகிரிக்கு இறங்குவது இங்கே சகஜம். கார்ன் ஸ்னேக் அதைப் பொருட்படுத்தாது. ராயல் பைத்தானை நாள்கணக்கில் 21-க்குக் கீழே விட்டால் மார்ச்சளி வரும் ஆபத்து உண்டு. அதற்கு ஹீட்டரை விட்டுவைத்து, தெர்மோஸ்டாட்டை 24-க்கு இறக்கி, ப்ரோப்பைப் பாம்பு இழுக்க முடியாதபடி கிளிப் போட்டு சுவரில் இறுக்கிவிட்டுப் போங்கள். டேப் போட்டு ஒட்ட வேண்டாம். பிசின் செதிலில் ஒட்டினால் தோல் உரிந்துவிடும்.

விளக்குகளையும் மறக்கக் கூடாது. யுவி ட்யூபும் எல்இடியும் தெர்மோஸ்டாட்டில் இணைந்திருக்காது, டைமரில் ஓடும். மூடிய மரப்பெட்டிக்குள் அவையும் ஒன்றிரண்டு டிகிரி ஏற்றும். நாலு நாள் ஜன்னல் வெளிச்சம் போதும்.

இதெல்லாம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. உறைந்த தண்ணீர் பாட்டில் வைப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. அரை லிட்டர் ஐஸ் உருகி 25 டிகிரிக்கு வரும் வரை உறிஞ்சும் வெப்பம் 60 வாட்-மணிக்குச் சற்று மேல். ஒரு சின்ன 15 வாட் ஹீட் மேட் நாலே மணி நேரத்தில் அவ்வளவு வெப்பத்தைக் கொட்டிவிடும். ஆகவே அந்த மேட்டைக் கழற்றுவது, நாலு மணி நேரத்துக்கு ஒரு ஐஸ் பாட்டிலை இரவும் பகலும் மாற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம். ஐஸ் பாட்டில் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆள் வந்து பார்க்கும்போது, துணியில் சுற்றி, பெட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தால் கொஞ்ச நேரம் உதவும். உள்ளே வெறுமனே போட்டால் பாம்பு அதன் மேலேயே சுருண்டு படுத்துக் குளிர்ச்சியில் புண்ணாகும் ஆபத்து இருக்கிறது.

படி 5: வெயிலை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துங்கள்

திரை போட்டால் வெளிச்சம் நிற்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடாகி அறைக்குள்தான் வரும். வெளிப்பக்கம் மறைத்தால் பலன் பல மடங்கு. ஊரில் முற்றத்துக்கு மேல் தட்டி கட்டியது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தது எல்லாம் இந்த அறிவுதான். தரைத்தளத்தில் இருப்பவர்கள் வெளியே வெள்ளைத் துணியோ நிழல் வலையோ கட்டலாம். மாடியில் முடியாதவர்கள் வெள்ளி நிறப் பிரதிபலிப்புத் தாளைக் கண்ணாடியோடு ஒட்டி, மினுங்கும் பக்கம் வெளியே தெரியும்படி பொருத்துங்கள். நேர் வெயில் ஒரு பத்து நிமிடம்கூட விவேரியத்தின் கண்ணாடியில் விழக் கூடாது. ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் இங்கே சூரியன் காலை ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுகிறது. கிழக்கு ஜன்னலில் அந்த நேரத்து வெயிலை நாம் தூங்கிக்கொண்டே தவறவிடுகிறோம். ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து பார்த்துவிடுங்கள்.

படி 6: தண்ணீரும் மண்சட்டியும்

ஒரு கிண்ணம் பாம்பு முழு உடம்போடு இறங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். பாம்பு இறங்கினால் நிரம்பி வழியும், அதனால் முக்கால் அளவு ஊற்றுங்கள். அது கவிழ்ந்துவிட்டாலும் குடிக்கத் தண்ணீர் இருக்க, இரண்டாவதாக ஒரு சின்ன கிண்ணம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வேலையை ஒரு மறைவிடமும் செய்யும். மெருகு பூசாத மண் பூந்தொட்டி ஒன்றை வாங்குங்கள். விளிம்பில் பாம்பு தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, உப்புத்தாளால் ஓரத்தை வழவழப்பாக்குங்கள். ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். முதலில் குமிழ் குமிழாக வரும், பிறகு தொட்டி கருஞ்சிவப்பாகிக் கனத்துவிடும். அதைக் கவிழ்த்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய ஆழமில்லாத தட்டின் தண்ணீரில் அதன் விளிம்பு ஒரு பக்கம் படும்படி வைத்தால், மண் தட்டிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் ஆவியாக ஆவியாக உள்ளே குளிர்ச்சி நிற்கும். என் வீட்டில் அறைக்கும் தொட்டிக்குள்ளும் மூன்று டிகிரி வித்தியாசம் பார்த்திருக்கிறேன். காற்றில் ஏற்கெனவே ஈரம் கூடுதலாக இருக்கும் சென்னை மாதிரி ஊரில் இவ்வளவு கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: பூந்தொட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கும். கவிழ்த்தால் அது கூரையில் வரும். பாம்பு அதில் தலையை நுழைத்து, நடு உடம்பு வரை வந்து, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். செதில்கள் பின்பக்கம் பார்த்து அடுக்கியிருப்பதால் இழுக்க இழுக்க இறுகும். பாம்பு வளர்ப்பவர்களிடையே இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. ஓட்டையை அக்வேரியம் சிலிக்கானால் அடைத்து, ஒரு வாரம் காயவிட்ட பிறகே உள்ளே வையுங்கள்.

பெட்டி முழுவதையும் ஈரமாக்கிவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத ஈரச் சூட்டில் வயிற்றுச் செதில் அழுகும். ஈரம் அந்தத் தொட்டியோடு நிற்கட்டும், பக்கத்தில் உலர்ந்த மறைவிடம் ஒன்றும் இருக்கட்டும்.

படி 7: ஃபேன், ஏசி

ஃபேன் காற்று நமக்கு இதமாக இருப்பது நமக்கு வியர்ப்பதால். வியர்க்காத பாம்பின் மீது 33 டிகிரி காற்றை ஊதினால் 33 டிகிரி காற்றுதான் அதன் மேல் படும், ஈரமும் வற்றி, சட்டை உரிப்பது துண்டு துண்டாகிவிடும். மூடிய அறையில் மோட்டாரின் சூடு வேறு. ராத்திரி ஜன்னல் திறந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க ஃபேன் நல்லது. ஆளில்லாத வீட்டில் அது நடக்காது.

போர்ட்டபிள் ஏசியைப் பற்றி என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன். வைப்பதென்றால் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் தொட்டியில் சேராமல் குழாய் வழியாக வாளிக்கோ வடிகாலுக்கோ போக வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி ஓடுமா என்று பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். சூடான காற்று போகும் குழாய் ஜன்னலில் சரியாகப் பொருந்தி, சுற்றிலும் அடைத்திருக்க வேண்டும். நல்லபடியாக ஓடினாலும் அது இரண்டாவது பாதுகாப்புதான். அது நின்றுபோனாலும் பாம்பு பிழைக்கும்படி மற்ற ஏற்பாடுகள் இருக்கட்டும்.

படி 8: சாப்பாடு

கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே கடைசி இரையைக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஒன்றும் வேண்டாம். வளர்ந்த கார்ன் ஸ்னேக்கும் ராயல் பைத்தானும் இரண்டு மூன்று வாரம் உண்ணாமல் இருப்பது சாதாரணம். வயிற்றில் இரையோடு வெப்பம் எக்குத்தப்பாக ஏறி இறங்கினால் கக்கிவிடும். கக்கிய எலி அந்தச் சூட்டில் கிடந்தால் அறைக்குள் யாரும் நுழைய முடியாது. 'நான் எலி கொடுத்துவிடுகிறேனே' என்று பார்த்துக்கொள்பவர் சொன்னாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். கிளம்பும் நாளில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

படி 9: ஓர் ஆள்

ஒரு நாளைக்கு ஒருமுறையாவது யாராவது பார்க்க வேண்டும். பாம்பைத் தொடத் தைரியம் உள்ளவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பெட்டியைத் திறக்காமலே முக்கால்வாசி வேலையைச் செய்யலாம். விஷப்பாம்பு வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. பிரிட்டனின் 1976-ஆம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் உள்ள இடத்தில், பழக்கமும் அனுமதியும் உள்ளவர் தவிர யாரிடமும் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்கு நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தது இது:

"அக்கா, காலையில் ஏழு மணிக்குள் நடையின் ஜன்னலை அரைமணி நேரம் திறந்து வைத்துவிட்டு மூடிவிடுங்கள். சாயங்காலம் ஆறரைக்குத் துணியைக் கொஞ்சம் தூக்கி வெப்பமானியில் உள்ள எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாம்பைப் பார்க்க வேண்டாம், எண் போதும். 30-க்கு மேல் இருந்தால் உடனே போன் செய்யுங்கள், ராத்திரி ஆனாலும் சரி. ஃப்ரீசரில் இருக்கும் இரண்டு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். டாக்டர் எண் பின்பக்கம்."

அந்த டாக்டர் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவராக இருக்க வேண்டும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகளே அதிகம், ஆகவே முன்கூட்டியே போன் செய்து கேட்டு வையுங்கள். நீங்கள் திரும்பும் நாளுக்கு மேல் இரண்டு நாள் சேர்த்தே உதவி கேளுங்கள். ரயில் நிற்கும், விமானம் தாமதமாகும்.

யாருமே கிடைக்காவிட்டால் ஊர்வன விற்கும் கடைகள் சிலவற்றில் பராமரிப்பு வசதி உண்டு. விடுவதற்கு முன் நேரில் போய், கோடையில் அவர்கள் அறை எத்தனை டிகிரி போகிறது, மற்ற பாம்புகளோடு உண்ணி தொற்றாமல் தனி அறை உண்டா என்று கேளுங்கள். கொண்டுபோகும்போது துணிப்பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஏசி ஓடும் காரில் நேராகப் போங்கள். வழியில் நிறுத்திக் காப்பி குடிக்கப் போகாதீர்கள். வெளியே 22 டிகிரி இருக்கும்போதே மூடிய கார் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொடும் என்று ஆர்.எஸ்.பி.சி.ஏ. சொல்கிறது.

படி 10: தூரத்திலிருந்து பார்ப்பது

வைஃபை வெப்பமானி இன்று பெரிய விலை இல்லை. ப்ரோப்பைக் குளிர்முனையில் வைத்து, 28-க்கும் 30-க்கும் இரண்டு எச்சரிக்கை ஒலிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: வீட்டில் கரண்டோ இணையமோ போய்விட்டால் எச்சரிக்கையே வராது, போன் அமைதியாக இருப்பதால் நாமும் நிம்மதியாக இருப்போம். அதனால் ஒலிக்காகக் காத்திருக்காமல், காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் செயலியைத் திறந்து, கடைசியாக எண் வந்த நேரத்தைப் பார்க்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் அக்காவுக்குப் போன் போகும்.

சூடு ஏறிவிட்டால்

தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வராமல் கிடப்பது, கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு ஓயாமல் அலைவது, உடம்பைச் சுருட்டாமல் நீட்டிப் போட்டுக் கிடப்பது எல்லாம் முதல் அறிகுறிகள். வாய் திறந்து மூச்சு விடுவது, தலை தள்ளாடுவது, மல்லாத்தினால் திரும்பிப் படுக்க முடியாமல் போவது ஆபத்தான கட்டம்.

உடனே குளிர்ச்சியான அறைக்கு எடுத்துப் போங்கள். கை வைத்தால் லேசாகக் குளிரும் 22 முதல் 24 டிகிரித் தண்ணீரை உடம்பில் பாதி உயரம் வரை ஊற்றிய பெட்டியில், தலை மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்து வையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, சட்டென்று குளிர்த்துவது இன்னொரு அதிர்ச்சி. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாம்பு தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளுறுப்பு பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியவரும். கருப்பனுக்கு மருத்துவர் முதுகுத் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார்.

திரும்பி வந்த பிறகு

முதலில் எடை. கிளம்பிய நாளின் எடையோடு ஒப்பிடுங்கள். சில நாளில் கொஞ்சம் குறைவது சகஜம், பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். தோலைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, கண் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீரை மாற்றி, ஹீட்டரைச் செருகி, ப்ரோப் அதன் இடத்தில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். மூன்றாம் நாள், வழக்கத்தைவிட ஒரு அளவு சின்ன எலி கொடுக்கலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்.